தகட்டில் விழாத நிழல்

இசைத்தட்டுக்கு உறை எதற்கு என்று எவரேனும் என்னைக் கேட்டிருந்தால், தட்டில் தூசி படியாமல் இருப்பதற்கு என்றே சென்ற ஆண்டுவரை விடை கூறியிருப்பேன். எங்கள் வீட்டில் கிராமபோன் இருந்ததில்லை. ஆனால் மட்டக்களப்புப் பட்டினத்தில், புளியந்தீவில், ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையொன்றுக்கு என் தந்தையார் பெயர்ப்பலகை எழுதிய நாளில், நானும் வர்ண டின்னைச் சுமந்துகொண்டு உடன் சென்றேன். அங்கே மண்ணிறத் தாளுறைகளில், நடுவே வட்டமாக வெட்டப்பட்ட துளையோடு, இசைத்தட்டுகள் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டிருந்தன. துளையின் வழியே தெரியும் சிறு வட்டத் தாளில் பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் இருக்கும், அவ்வளவே. கலியாணத்துக்கும் கோயிற் சடங்குக்கும் தேர்தற் கூட்டத்துக்கும் அவை அந்த ஒரே உறையில்தான் போய்வந்தன. பாட்டுக்கு ஒரு முகம் வேண்டும் என்று அன்று எங்களில் எவரும் எண்ணியதில்லை.

தந்தையாருக்குப் பின்னர் தொழில் என் கைக்கு வந்தது. கடைப் பலகை, பஸ் வண்டியின் நெற்றி, வள்ளத்தின் பெயர், வாசிகசாலைச் சுவர் என்று நாற்பது ஆண்டுகள் எழுதினேன். கணினியில் அச்சிடும் பதாகைகள் வந்தபின் தூரிகைக்கு வேலை அருகிவிட்டது. எனினும் ஒரு வேலை மட்டும் நெடுங்காலம் என்னைக் காப்பாற்றியது. அது ஸ்டென்சில் வெட்டுவது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் விளையும் நெல், வாவிக்கு இப்பால் ஆலைகளுக்கு வந்து, அரிசியாகிச் சாக்கில் ஏறும்போது சாக்கின் மேல் ஆலையின் பெயரை அடிக்க வேண்டும். தகரத்திலோ, வைத்தியசாலையில் கழித்துவிட்ட பழைய எக்ஸ்ரே தாளிலோ எழுத்தின் உருவை வெட்டி எடுத்து, அதைச் சாக்கின் மேல் வைத்து மையைத் தேய்த்தால் எழுத்து விழும். ஒரு முறை வெட்டினால் ஆயிரம் சாக்குக்குப் போதும். கூலி கொடுத்து எழுத இயலாத ஏழைச் சங்கங்களுக்கும் போராடும் தொழிலாளருக்கும் இதைப்போல் உதவிய கலை வேறில்லை. கூலி உயர்வு கேட்டு நின்றவர்களுக்கு நானே இரவோடிரவாக வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இத்தொழிலில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. சுழியுள்ள எழுத்தை முழுமையாக வெட்டினால் சுழியின் நடுப்பகுதி கழன்று விழுந்துவிடும். அது விழாதிருக்க இரண்டு புறமும் மெல்லிய கீற்றுகளை விட்டுவைக்க வேண்டும். அவற்றை நாங்கள் பாலம் என்போம். மற்றது இன்னும் முக்கியமானது. தகட்டில் வெட்டிய இடத்தில் மை விழும். வெட்டாத இடத்தில் விழாது. இரண்டுக்கும் நடுவே ஒன்றும் இல்லை. தூரிகையால் ஒரு முகத்தை வரையும்போது கன்னத்தில் மங்கலாக ஒரு நிழலைத் தடவலாம். தகட்டில் அந்த அரைநிழல் விழாது. இதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நிற்க. சென்ற ஆண்டு என் தங்கையின் மகன் லண்டனிலிருந்து வந்திருந்தான். அங்கே நண்பர்கள் நால்வருடன் ரொக் இசைக் குழுவொன்றை நடத்துகிறான். பெருங் கம்பனிகளின் தயவை எதிர்பாராமல் தாமே பாடி, தாமே பதிந்து, சிறு நிறுவனங்களின் வழியே விற்கும் இசையை அங்கே மாற்று ரொக் என்று அழைக்கிறார்களாம். அவன் பெட்டியில் ஐந்தாறு பெரிய இசைத்தட்டுகள் இருந்தன. பாட்டைக் கேட்கத் தட்டுச் சுழற்றும் கருவி நம் வீட்டில் இல்லையே என்றேன். “மாமா, பாட்டை நான் கைபேசியில் போட்டுக் காட்டுறன், நீங்க உறையைப் பாருங்க” என்று விறாந்தையில் அவற்றைப் பரப்பினான்.

என் வாழ்நாளில் நான் கற்காத ஒரு சரித்திரம் அன்று என் முன் கிடந்தது. மேல்நாட்டிலும் முதலில் இருந்தது எங்கள் ஒலிபெருக்கிக் கடையில் கண்ட மொட்டை உறைதான். 1940 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் பணிபுரிந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்னும் இளைஞர், இசைத்தட்டின் உறையிலேயே சித்திரம் தீட்டி விற்கலாம் என்று முதலாளிகளை இணங்கச் செய்தார். அதன் பின்னர் உறை வியாபாரத்தின் முகமாயிற்று. முதலாளிகளின் கையிலிருந்த அந்த முகத்தை வேலையற்ற இளைஞர்கள் பறித்துக்கொண்டது 1977 ஆம் ஆண்டையொட்டிய காலத்தில். அவ்வாண்டு செக்ஸ் பிஸ்டல்ஸ் என்னும் குழுவின் இசைத்தட்டுக்கு ஜேமி ரீட் என்பவர், பத்திரிகையிலிருந்து கத்தரித்து ஒட்டியதுபோன்ற எழுத்துகளால், பளிச்சிடும் மஞ்சளில் ஓர் உறை செய்தார். அழகு என்று மேட்டுக்குடியினர் போற்றியதையெல்லாம் அது ஏளனம் செய்தது.

ஆயினும் என் கண் நின்றது வேறோர் உறையில். இங்கிலாந்தின் எசெக்ஸ் மாகாணத்தில், அதே 1977 இல் தோன்றிய கிராஸ் என்ற குழுவினுடையது அது. கறுப்பும் வெள்ளையும் தவிர வேறு வர்ணம் இல்லை. விரித்தால் சுவரில் ஒட்டும் பெருந்தாளாகிறது. சித்திரம் ஜீ வவுச்சர் என்னும் பெண்மணியின் கைவேலை. குழுவின் பெயர் வட்டமாக எழுதப்பட்டிருந்தது. எழுத்துகளின் நடுவே பாலங்கள்! சாக்கு அடிக்கும் எங்கள் எழுத்து! இக்குழுவினர் லண்டனின் சுரங்க ரயில் நிலையங்களில் யுத்த எதிர்ப்பு வாசகங்களையும் ஸ்டென்சிலாலேயே அடித்தார்களாம். இன்ன விலைக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று உறையின் மேலேயே அச்சிட்டு, கடைக்காரனின் கையைக் கட்டியவர்களும் இவர்களே. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் என் தொழிலுக்கு உறவினர் இருப்பதைக் கண்டு நான் பூரித்துப் போனேன் என்றால் அது மிகையன்று.

பின்பு மருமகன் தான் பொத்திவைத்திருந்த ஒன்றை எடுத்தான். “இது நம்மட புள்ள செய்தது, மாமா” என்றான்.

மாதங்கி அருள்பிரகாசம் என்பது அப்பெண்ணின் பெயர். உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்று அறியும். 1975 இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, யுத்தத்தின் நடுவே வளர்ந்து, 1986 இல் தாயாருடன் அகதியாக மீண்டும் லண்டன் சேர்ந்தவர். அங்கே சென்ட்ரல் செயின்ற் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் பயின்றார். பாடகியாவதற்கு முன்னரே, 2000 ஆம் ஆண்டில், எலாஸ்ரிக்கா என்ற மாற்று ரொக் குழுவின் ‘த மெனஸ்’ இசைத்தட்டுக்கு உறை அமைத்தவர் இவரே. மறு ஆண்டில் லண்டனில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். 2005 மார்ச்சில் வெளிவந்த முதல் இசைத்தட்டுக்கு, ஈரோஸ் இயக்கத்தின் தோற்றத்தில் பங்குகொண்ட தம் தந்தையாரின் இயக்கப் பெயரையே, ‘அருளர்’ என்று சூட்டினார். ஸ்டீவ் லவ்ரிட்ஜ் என்ற நண்பருடன் சேர்ந்து அமைத்த அதன் உறையில், நடுவே அவர் முகம். சுற்றிலும் அவர் வெட்டிய ஸ்டென்சில் ஓவியங்கள். மருமகன் கைபேசியில் அவருடைய ஏனைய படங்களையும் காட்டினான். டாங்கி, குண்டு, எரியும் மரம், பாயும் புலி; யாவும் இளஞ்சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக, திருவிழாக் கடைபோல் ஒளிர்ந்தன.

என் மகிழ்ச்சியை நான் மறைக்கப் போவதில்லை. தொழிலில் தேர்ந்த கை அது. மேலும், ரொக் இசைத்தட்டின் உறையில் எங்கள் தேசத்து அகதிப் பெண்ணின் முகம் நேருக்கு நேர் உலகைப் பார்ப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை. “இதைப்போல எங்கட குழுவுக்கும் ஒரு உறை கீறித் தாங்க, மாமா. துவக்கு, முள்ளுக்கம்பி, பங்கர் எல்லாம் வரவேணும்” என்று மருமகன் கேட்டபோது, நான் மறுமொழி சொல்லாமலே எக்ஸ்ரே தாளைத் தேடி எழுந்துவிட்டேன்.

அந்த வேளையில்தான் காத்தான்குடியிலிருந்து என் நண்பர் வந்தார். வயதில் எனக்கு மூத்தவர். காக்கா என்றே அழைப்பேன். அவருடைய புடைவைக் கடைக்குப் பலகை எழுதப் போய்த் தொடங்கிய நட்பு நாற்பதாண்டை எட்டுகிறது. கதிரையில் அமர்ந்து, பிளேன்டீயைக் கையில் வாங்கி, கைபேசியில் ஒளிர்ந்த அந்தப் புலியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பின்னர் கைபேசியை மெதுவாகக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

“இது ஆரு கீறின, தம்பி?” என்று கேட்டார். சொன்னேன். “கை நல்ல கை. இந்தப் புள்ள நம்மட பக்கம் வந்திருக்காவா?” என்றார். எனக்குத் தெரியாது என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை; மழையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போனார்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சிலவற்றை விளக்க வேண்டும். 1990 ஓகஸ்ட் 3 ஆம் நாள் இரவு, காத்தான்குடியின் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுசைனியாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். விடுதலைப் புலிகளே அதைச் செய்தனர் என்பதை இப்பகுதி மக்கள் அறிவர், அவர்கள் மறுத்தனர். ஐந்து வாரங்கள் கழித்து, செப்டெம்பர் 9 இல், வாவியின் மறுமுனைக்கு அருகில் சத்துருக்கொண்டானிலும் அயற் கிராமங்களிலும் நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள், கைக்குழந்தைகள் உட்பட, இராணுவத்தினரால் கொல்லப்பட்டனர். அந்த ஆண்டில் காக்கா தம் தம்பியை இழந்தார். நானும் என் உறவில் ஒருவரை இழந்தேன். எங்கே, எவ்வாறு என்று இங்கு எழுதவில்லை. நாங்கள் இருவரும் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதும் இல்லை. நட்பு நிலைத்ததற்கு அந்த மௌனமும் ஒரு காரணம் என்று நம்பியிருந்தேன்.

தமிழர் மத்தியிலும் அந்த விலங்கின் உரு ஒரே பொருளைத் தந்ததில்லை. அதைக் காவல் என்று கண்டவர்கள் உண்டு. பள்ளிக்கூடம் போன பிள்ளை திரும்பி வராமல், எந்த முகாமில் இருக்கிறானோ என்று படுவான்கரையில் வாசல்தோறும் ஏறி இறங்கிய தாய்மாரும் உண்டு. 2004 ஏப்ரலில் அவ்வியக்கமே பிளவுண்டு, வெருகல் ஆற்றங்கரையில் தமிழ்ப் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளைச் சுட்டார்கள். அவ்வாண்டு டிசம்பர் 26 இல் கடல் பொங்கிக் கல்லடியையும் நாவலடியையும் வாரிக்கொண்டு போயிற்று. அந்த இசைத்தட்டு வெளிவந்த மார்ச் மாதத்தில் எங்கள் கரையோர மக்கள் கூடாரங்களில் இருந்தார்கள். வர்ணமயமான அந்தப் புலியின் மேல் இவை எல்லாம் எங்கே விழும்? தகட்டில் அரைநிழல் விழாது என்று முன்னரே சொன்னேன்.

இதைக் கொண்டு அந்தப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. குண்டுக்கு அஞ்சி ஓடிய ஒரு சிறுமிக்கு அவள் கண்டதை வரைய உரிமையுண்டு. அவர் வரைந்திராவிட்டால் அந்நாட்டு இளைஞர் பலர் எங்கள் தீவின் யுத்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டிருக்கமாட்டார்கள். அவரைக் கண்டிக்க எனக்குத் தகுதியும் இல்லை. ஏனெனில் 1985 ஆம் ஆண்டில் ஓரிரவு, அறிமுகமான இளைஞர் இருவர் என் வீட்டுக்கு வந்து தங்கள் இயக்கத்தின் சின்னத்தைத் தகட்டில் வெட்டித் தரும்படி கேட்டார்கள். எந்த இயக்கம் என்பது இங்கு வேண்டாம். அன்று பல இருந்தன. எவரும் என்னைப் பயமுறுத்தவில்லை. சிக்கலான உரு, பாலங்களை எங்கே விடுவது என்று யோசித்து யோசித்து விடியும்வரை வெட்டினேன். மறு வாரம் அது ஊர்ச் சுவர்களில் பிசிறின்றி விழுந்திருந்ததைக் கண்டு, மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அது யாருடைய வீட்டுச் சுவர், அந்த வீட்டுக்காரர் காலையில் கதவைத் திறந்து அதைக் கண்டபோது என்ன நினைத்தார் என்பதை நான் கேட்கவில்லை. காக்கா கைபேசியைக் கவிழ்த்த அன்றுதான் அக்கேள்வி எனக்கு வந்தது. பல பத்தாண்டுகள் பிந்தி வந்தது.

பிறர் துன்பத்தை உறையில் இடுவது ரொக் இசைக்குப் புதிதன்று. 1963 ஜூன் 11 இல், தென் வியட்நாமில் அரசின் கொடுமையை எதிர்த்து, திக் குவாங் டுக் என்னும் பௌத்தத் துறவி சைகோன் நகரத் தெருவில் அமர்ந்து தம்மைத் தீயிட்டுக்கொண்டார். மல்கம் பிறவுண் என்ற செய்தியாளர் எடுத்த அந்தப் புகைப்படமே 1992 இல் ரேஜ் அகெயின்ஸ்ட் த மெஷின் என்ற அமெரிக்கக் குழுவின் முதல் இசைத்தட்டுக்கு உறையாயிற்று. அக்குழு அநீதியை எதிர்த்தே பாடியது. படமும் அநீதியைக் காட்டுவதே. ஆயினும் துறவியின் தீ கடையில் விலைச்சீட்டோடு நின்றது என்பதும் உண்மை. இன்னொன்று: மான்செஸ்டர் இளைஞர்களின் ஜோய் டிவிஷன் குழு 1978 இல் தாமே வெளியிட்ட முதற்றட்டின் உறையில், ஹிட்லரின் இளைஞர் படையைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் முரசறையும் படத்தை இட்டது. அதிர்ச்சி தருவதே அவர்கள் விரும்பியது போலும். நாஜிகளின் முகாமில் தாயை இழந்த ஒருவர் அதைக் கடையில் கண்டால் என்ன ஆவார் என்று எண்ணினார்களா?

அதே குழு மறு ஆண்டில் வெளியிட்ட ‘அன்நோன் பிளெஷர்ஸ்’ இசைத்தட்டின் உறை உலகப் புகழ் பெற்றது. 1967 இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட துடிக்கும் விண்மீன் ஒன்றின் அலைகளைக் காட்டும் வரைபடம் அது. வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றில் வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகளாக இருந்ததைப் பீற்றர் சாவில் என்ற வடிவமைப்பாளர் கறுப்பில் வெள்ளையாக மாற்றினார். முன்பக்கத்தில் குழுவின் பெயர்கூட இல்லை. இன்று அந்தக் கோடுகள் மட்டக்களப்புச் சந்தையில் தொங்கும் சட்டைகளிலும் இருக்கின்றன. அணிபவருக்கு அது விண்மீன் என்றும் தெரியாது, பாட்டு என்றும் தெரியாது. அதனால் எவருக்கும் நட்டமில்லை. விண்மீன் வந்து முறையிடாது. மனிதர்களின் சாவு அப்படியன்று. அதற்கு உற்றார் உண்டு, அவர்கள் கடைத்தெருவில் நடக்கிறார்கள்.

ஆகவே வரையக் கூடாது என்று சொல்லலாமா? அப்படிச் சொல்வோர் இந்நாட்டில் ஏற்கெனவே அதிகம். அழித்த சுவர்களும் எரித்த நூல்களும் நமக்குப் போதும். துன்பத்தை மறைப்பவன் துன்பம் செய்தவனுக்கே துணைபோகிறான். நான் வந்தடைந்த முடிவு எளியது. பிறர் பட்ட துன்பத்தைப் படமாக்கும் கலைஞன், அதை வாங்குவோரிடம் காட்டுமுன், அத்துன்பத்துக்கு விலை கொடுத்தவர்களுள் தன் இனத்தைச் சேராத ஒருவரிடமேனும் காட்டத் துணிய வேண்டும். அவர் ஒப்புதல் தரவேண்டும் என்பதில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைக் கையில் கொடுக்க முடிகிறதா என்பதே சோதனை. தன்னவர்களிடம் மட்டும் காட்டிப் பெறும் கைதட்டல், தகட்டின் மேல் இன்னொரு தகடே.

மருமகன் லண்டன் திரும்பிய பின் நான் முதற்றாளை வெட்டினேன். துவக்கு, முள்ளுக்கம்பி எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். வாவியின் நீர்க்கோடு, ஒருபுறம் எழுவான்கரை, மறுபுறம் படுவான்கரை, நடுவே நீரினடியில் ஓர் ஊரி. 1848 இல் இங்கு வந்த எமர்சன் டெனென்ற் என்ற பிரித்தானிய அதிகாரி, வாவியின் அடியிலிருந்து வரும் இசையொலியைப் பற்றி எங்கள் மீனவரிடம் விசாரித்தபோது, ஊரி என்னும் சிப்பியே அழுகிறது என்று அவர்கள் சொன்னதாக எழுதிவைத்திருக்கிறார். எவரையும் புண்படுத்தாத படம் என்று திருப்தியோடு காத்தான்குடிக்குக் கொண்டு சென்றேன். கடையில் காக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“வடிவா இருக்கு, தம்பி. ஆனா இதுல ஆக்கள் ஒருத்தருமில்லயே” என்றார்.

எனக்கு வெட்கமாயிற்று. சண்டைக்கு அஞ்சி, செத்தவர்களையும் உயிரோடிருப்பவர்களையும் ஒருங்கே துடைத்துவிட்டு வெறும் தண்ணீரை வரைந்திருக்கிறேன். புலியை மட்டும் கண்டவர் எவ்வளவு விட்டாரோ, அவ்வளவை நானும் விட்டிருக்கிறேன். அன்று முதன்முறையாகக் காக்கா தம் தம்பியின் பெயரைச் சொன்னார். அவன் என்ன நிறச் சட்டை விரும்புவான், வாவியில் எப்படி நீந்துவான் என்று சொன்னார். நானும் என் ஆளைப் பற்றிச் சொன்னேன். கடையைப் பூட்டும் நேரம்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது தாளையும் வெட்டிக் கிழித்துவிட்டேன். மூன்றாவது மேசையில் இருக்கிறது. அதில் இரண்டு ஆட்கள் தோணியில் அமர்ந்திருக்கிறார்கள். முகங்களைத் தகட்டால் அடிக்க இயலவில்லை, ஆதலால் அவ்விடத்தை மட்டும் தூரிகைக்கு விட்டிருக்கிறேன். அச்சகம் கேட்கிறது என்று மருமகன் கிழமைக்கு இரண்டு முறை அழைக்கிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து காக்கா வருவார், அதன் பிறகு அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.